வறட்சிக் காலத்தில் கையில் தோன்றும் மின்சார அதிர்ச்சி: அதன் காரணங்களும் தடுக்கும் முறைகளும்

மாசி, பங்குனி மாதங்களில் வறண்ட காற்று வீசும் நாட்களில், பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்து இரும்புக் கதவைத் தொட்டவுடன் விரல் நுனியில் சுரீரென்று ஒரு வலி தோன்றுவதை நம்மில் பலர் அனுபவித்திருக்கிறோம். காரிலிருந்து இறங்கிக் கதவைச் சாத்தும்போதும் இவ்வாறே நேரிடுகிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பாலியெஸ்டர் சட்டையைக் கழற்றினால் சடசடவென்ற ஓசையும், சில சமயங்களில் சிறு நீலப் பொறிகளும் காணப்படுகின்றன. இதைக் கண்டு சிலர் வீட்டு ஒயரிங்கில் கோளாறு இருக்கிறதென்று அஞ்சுகிறார்கள். வேறு சிலரோ, கையில் எந்த அதிர்ச்சி ஏற்பட்டாலும் இவ்வகையைச் சேர்ந்ததென்றே எண்ணி அலட்சியம் செய்துவிடுகிறார்கள். இவ்விரண்டும் தவறு. அஞ்ச வேண்டாத அதிர்ச்சி ஒன்று உண்டு. அஞ்சியே தீர வேண்டிய அதிர்ச்சி ஒன்றும் உண்டு. இவ்விரண்டையும் குடியானவர்கள் பிரித்தறிய வேண்டுமென்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டிய சம்பவத்தை முதலில் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, விதை நேர்த்தி முறையைச் செய்து காட்டுவதற்காக ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தேன். கோடையின் தொடக்கம். கூட்டம் முடிந்து அனைவரும் நாற்காலிகளை விட்டு எழுந்தபோது, நிலச்சுவான்தார் ஒருவர் இரும்புக் கிராதியைத் தொட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஐயா, இங்கே கரண்டு கசிகிறதோ?" என்று என்னைக் கேட்டார். "அப்படியொன்றுமில்லை, பிளாஸ்டிக் நாற்காலியில் உராய்ந்ததனால் உண்டான மின்சாரம், அதனால் தீங்கில்லை" என்று விடையளித்துவிட்டு நான் புறப்பட்டுவிட்டேன். நான் கூறியது உண்மையே. ஆயினும் அது பாதிப் பாடம். மற்றப் பாதியை அன்று சொல்லாமல் விட்டதன் விளைவைப் பின்னர்க் கூறுவேன்.

உராய்வு மின்சாரம் என்றால் என்ன?

உலர்ந்த தலைமயிரைப் பிளாஸ்டிக் சீப்பினால் பத்துப் பன்னிரண்டு முறை வாரி, அச்சீப்பைச் சிறு காகிதத் துண்டுகளுக்கு அருகில் கொண்டுபோனால், காகிதங்கள் எழும்பிச் சீப்பில் ஒட்டிக்கொள்ளும். இப்பரீக்ஷையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம். கிரேக்கரான தேலீஸ் என்ற அறிஞர் கி.மு. 600 ஆம் ஆண்டையொட்டி, அம்பர் என்னும் இறுகிய மரப்பிசினைத் துணியில் தேய்த்தால் அது துரும்பை இழுப்பதைக் கண்டறிந்ததாகக் கூறுவர். அம்பருக்குக் கிரேக்க மொழியில் எலெக்ட்ரான் என்று பெயர். 1600 ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து வைத்தியர் வில்லியம் கில்பர்ட் இவ்விஷயத்தை விரிவாக ஆராய்ந்து நூல் வெளியிட்டார். எலெக்ட்ரிக் என்ற சொல் அக்கிரேக்கப் பெயரிலிருந்தே தோன்றியது. 1729 இல் ஸ்டீபன் கிரே என்பவர், சில பொருள்களின் வழியாக மின்சாரம் ஓடும், சில பொருள்களின் வழியாக ஓடாது என்று நிரூபித்தார். உலோகம், ஈர மண், மனித உடல் ஆகியவை முதல் வகை. ரப்பர், கண்ணாடி, பட்டு, பிளாஸ்டிக், உலர்ந்த காற்று ஆகியவை இரண்டாம் வகை.

எல்லாப் பொருள்களிலும் எலெக்ட்ரான் எனப்படும் மிக நுண்ணிய மின்துகள்கள் இருக்கின்றன. இரண்டு வேறு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டுப் பிரியும்போது, ஒன்றிலிருந்து சில எலெக்ட்ரான்கள் மற்றொன்றுக்குச் சென்றுவிடுகின்றன. இழந்த பொருளில் ஒருவகை மின்சாரமும், பெற்ற பொருளில் அதற்கு எதிரான வகை மின்சாரமும் சேருகின்றன. தேய்ப்பதால் தொடும் பரப்பு மிகுதியாவதன்றி, தேய்ப்பே மூல காரணமன்று. தொட்டுப் பிரிவதே மூல காரணம். தோல், மயிர், கம்பளி, நைலான் ஆகியவை எலெக்ட்ரான்களை எளிதில் இழப்பவை. பாலியெஸ்டர், பாலிதீன், பி.வி.சி. ஆகியவை எளிதில் பெறுபவை. பருத்தியும் காகிதமும் ஏறக்குறைய நடுவில் நிற்பவை.

இதனைக் குடியானவருக்குத் தெரிந்த உவமையால் விளக்கலாம். ஒயரில் வரும் மின்சாரம் வாய்க்காலில் ஓடும் நீர் போன்றது. உராய்வினால் உண்டாகும் மின்சாரமோ வரப்புக்குள் தேங்கிய நீர் போன்றது. வடிகால் இருக்குமாயின் தேங்கிய நீர் சந்தடியின்றி வடிந்துவிடும். வடிகால் இல்லையாயின், மட்டம் உயர்ந்து ஏதேனும் ஓரிடத்தில் வரப்பை உடைத்துக்கொண்டு பாயும். நாம் இரும்பைத் தொடுமுன் விரலுக்கும் இரும்புக்கும் இடையில் தோன்றும் பொறி அவ்வுடைப்பே ஆகும். வானத்தில் தோன்றும் மின்னலும் இவ்வினத்தைச் சேர்ந்த பேருடைப்புத்தான் என்பதை அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்கிளின் என்பவர் 1752 ஆம் ஆண்டுப் பரீக்ஷைகளின் மூலம் விளக்கினார்.

முற்காலத்தில் இது ஏன் அவ்வளவாகத் தெரியவில்லை?

நம் பாட்டனார் காலத்தில் பருத்தி வேட்டி உடுத்தி, வெறுங்காலோடு சாணம் மெழுகிய மண் தரையில் நடந்து, மரப் பலகையிலோ கோரைப் பாயிலோ உட்கார்ந்தார்கள். உடம்பில் சிறிது மின்சாரம் உண்டானாலும் கால் வழியாக உடனுக்குடன் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. இன்றோ உடுப்பதில் பெரும்பகுதி பாலியெஸ்டர். காலில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் செருப்பு. உட்காருவது பிளாஸ்டிக் நாற்காலி. தரை சலவைக்கல் அல்லது டைல்ஸ். மின்சாரம் உண்டாவதற்குரிய சாதனங்கள் பெருகின, வடிகால்கள் அடைபட்டன. இதுவே வித்தியாசம்.

பருவமும் ஒரு காரணம். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது பொருள்களின் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத நீர்ப் படலம் ஒன்று படிகிறது. அதன் வழியாக மின்சாரம் மெல்லக் கசிந்து போய்விடும். ஆதலால் கடற்கரையோர ஜில்லாக்களில் இத்தொல்லை குறைவு. உள்நாட்டு ஜில்லாக்களில் வறண்ட மாதங்களின் பிற்பகல்களில் அதிகம். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 40 பங்குக்குக் கீழே இறங்கினால் இவ்வதிர்ச்சி அடிக்கடி தோன்றும். 65 பங்குக்கு மேல் இருந்தால் அநேகமாய்த் தோன்றாது. குளிர்சாதன வசதி செய்யப்பட்ட அறைகளிலும் காற்று உலர்ந்து விடுவதால் அங்கும் இதனைக் காணலாம்.

உடம்புக்குத் தீங்கு உண்டா?

உலர்ந்த காற்றில் ஒரு மில்லிமீட்டர் தூரம் பொறி தாண்டுவதற்குச் சுமார் 3,000 வோல்ட்டு அழுத்தம் வேண்டும். ஆகவே விரலில் பொறி தைத்ததென்றால், நம் உடம்பில் சில ஆயிரம் வோல்ட்டுகள் ஏறியிருந்தன என்பது பொருள். மிக வறண்ட காற்றில் கம்பளத்தின்மீது நடந்தவரின் உடம்பில் 30,000 வோல்ட்டுக்கு மேலும் ஏறுவதுண்டு. வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டே. அது மனிதரைக் கொல்லும்போது, பல ஆயிரம் வோல்ட்டு ஏன் கொல்லுவதில்லை என்று கேட்கலாம்.

பனை மரத்து உச்சியிலிருந்து ஒரு சிரட்டை நீரைக் கீழே ஊற்றினால், நிற்பவர் திடுக்கிடுவார், அவ்வளவே. ஏரி மதகின் உயரம் பனையைவிடக் குறைவாயினும், அதன் வாயில் அகப்பட்டவர் பிழைப்பதரிது. பின்னால் ஏரி முழுவதும் நிற்கிறது. வோல்ட்டு என்பது உயரம். உயரம் மட்டும் கொல்லுவதில்லை; பாயும் அளவும் பாயும் காலமுமே கொல்லுகின்றன. உராய்வு மின்சாரம் மிகச் சொற்ப அளவினது. ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு போன்ற அற்ப நேரத்தில் தீர்ந்துவிடும். ஒயரில் வரும் மின்சாரமோ நாம் விடுபடும் வரையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆகவே சாதாரண உராய்வு மின்சாரத்தினால் உடம்புக்கு நேரான கெடுதி இல்லை. ஆனால் ஏணியின்மேல் நிற்பவர் திடுக்கிட்டு விழுவதும், ஓடும் யந்திரத்தின் அருகில் நிற்பவர் கையை உதறியபோது பெல்ட்டில் அகப்படுவதும் நேரக்கூடியவை. இவற்றை நினைவில் வைக்க வேண்டும்.

அன்றாட அதிர்ச்சியைத் தடுக்கும் முறைகள்

1. வறண்ட மாதங்களில் பருத்தி உடையை அணிவது நலம். நாற்காலியின்மீது ஒரு பருத்தித் துண்டை விரித்து உட்காருவதாலும் பெரும்பயன் உண்டு.

2. நாற்காலியிலிருந்தோ வண்டியிலிருந்தோ எழுந்த பிறகு இரும்பைத் தொடுவதற்குப் பதிலாக, எழும்போதே வண்டிக் கதவின் பெயின்ட் பூசாத உலோகப் பகுதியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். மின்சாரம் சேரும்போதே வடிந்துவிடுவதால் பொறி தோன்றாது.

3. அவ்வாறு செய்ய மறந்தால், இரும்பைத் தொடுவதற்கு முன் சுண்ணாம்புச் சுவரையோ மரக் கதவையோ உள்ளங்கையால் ஒரு விநாடி தொட வேண்டும். இவை மின்சாரத்தை மெதுவாகக் கடத்துவதால் வலி உண்டாவதில்லை. கையில் சாவியைப் பிடித்துக்கொண்டு அதன் நுனியால் இரும்பைத் தொடலாம். பொறி சாவியில் தோன்றும், விரலில் தைக்காது.

4. வீட்டுத் தரையில் நீர் தெளிப்பதும், பிளாஸ்டிக் நாற்காலிகளை ஈரத் துணியால் துடைப்பதும் நல்ல முறைகளே. ஆனால் சுவிட்சு, பிளக்கு முதலியவற்றின் அருகில் ஈரம் படலாகாது.

5. வீட்டிலும் முற்றத்திலும் சிறிது நேரம் வெறுங்காலோடு இருப்பது உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிடும். இவ்விதி வீட்டுக்கும் முற்றத்துக்கும் மட்டுமே உரியது. பம்புசெட்டு அறைக்கு இதற்கு நேர் எதிரான விதி உண்டு. அதனைப் பின்னே காண்க.

6. விதையைப் பாலிதீன் பைகளில் போட்டு மருந்து கலக்கும்போது, உலர்ந்த மருந்துத் தூள் விதையில் ஒட்டாமல் பையின் சுவரில் ஒட்டிக்கொள்ளுவதுண்டு. இதுவும் உராய்வு மின்சாரத்தின் செயலே. சிபார்சு செய்யப்பட்ட அளவு நீர் தெளித்துக் கலப்பதனால் இக்குறை நீங்கும்.

பொறியினால் தீப்பிடிக்கும் இடங்கள்

உடம்பை ஒன்றும் செய்யாத பொறி, பெட்ரோல் ஆவியை எளிதில் பற்றவைக்கும். ஒரு மனிதரின் உடம்பிலிருந்து பாயும் பொறியில் சில மில்லிஜூல் சக்தி இருக்கலாம். பெட்ரோல் ஆவி காற்றுடன் தக்க அளவில் கலந்திருக்கும்போது, அது தீப்பற்றுவதற்கு ஒரு மில்லிஜூலுக்கும் குறைந்த சக்தி போதும். பெட்ரோல் நம் நாட்டு வெப்பத்தில் எப்பொழுதும் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அவ்வாவி காற்றைவிடக் கனமாகையால் தரையோடு படர்ந்து பள்ளங்களில் தங்கும். இப்பொழுது களையெடுக்கும் மிஷின், மருந்து தெளிக்கும் மிஷின், புல் வெட்டும் மிஷின் ஆகிய பலவும் பெட்ரோலில் ஓடுவதால், ஏராளமான குடியானவர்கள் பெட்ரோலைக் கையாளுகிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பெட்ரோலை அனுமதிக்கப்பட்ட பாத்திரத்திலன்றிப் பாட்டிலிலும் குடத்திலும் வாங்கலாகாது.

2. பாத்திரத்தைத் தரையில் இறக்கி வைத்தே நிரப்ப வேண்டும். வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பின்மீதோ, சீட்டின்மீதோ, ஒருவர் மடியிலோ வைத்து நிரப்புவது மிகவும் அபாயகரமானது. தரையில் வைத்தால் மின்சாரம் வடிய வழி உண்டு. பிளாஸ்டிக்கின்மீது வைத்தால் வழி இல்லை. அமெரிக்காவில் இவ்வாறு வண்டியின்மேல் வைத்து நிரப்பியபோது தீவிபத்துகள் ஏற்பட்டதனால், 1990-களில் அந்நாட்டு அரசாங்கத்தார் எச்சரிக்கை வெளியிட்டார்கள்.

3. நிரப்பும் குழாயின் மூக்குப் பாத்திரத்தின் வாயைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். உயரத்திலிருந்து சிதற ஊற்றலாகாது. எண்ணெய் வேகமாகச் சிதறுவதாலும் மின்சாரம் உண்டாகும்.

4. மிஷினின் என்ஜினை நிறுத்தி, சூடு ஆறிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும். திறப்பதற்கு முன், மூடிக்கு எட்டவுள்ள வேறொரு வெறும் உலோகப் பகுதியைக் கையால் தொட வேண்டும்.

5. பெட்ரோல் பங்கில் நிரப்பிக்கொண்டிருக்கும்போது மீண்டும் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து இறங்கலாகாது. இறங்கும்போது உடம்பில் ஏறும் மின்சாரம் குழாயின் அருகில் பொறியாகக் கூடும்.

6. நிரப்பும் வாயில் தீப்பற்றிவிட்டால் குழாயை வெளியே இழுக்கலாகாது. இழுத்தால் எண்ணெய் சிந்தித் தீ பரவும். விலகி நின்று பங்கு ஊழியரை அழைத்துப் பம்பை நிறுத்தச் செய்ய வேண்டும்.

எண்ணெய் மட்டுமன்றித் தூசியும் தீப்பற்றும். 1914 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன், ஐடஹோ மாகாணங்களில் கோதுமைக் கதிரடிப்பு யந்திரங்கள் பல, வயலிலேயே வெடித்து எரிந்தன. அந்நாட்டு விவசாய இலாகாவினர் ஆராய்ந்தபோது, கோதுமையின் கரிப்பூட்டை நோயினால் உண்டான கரும்பொடி யந்திரத்துக்குள் மேகம்போல் நிறைந்திருந்ததென்றும், வறண்ட காற்றில் யந்திரத்தில் சேர்ந்த உராய்வு மின்சாரம் பொறியாகி அப்பொடியைப் பற்றவைத்ததென்றும் கண்டார்கள். யந்திரத்தின் உலோகப் பகுதிகளைக் கம்பியால் ஒன்றாக இணைத்து மண்ணில் இறக்கும்படி அவர்கள் குடியானவர்களுக்குப் போதித்தார்கள். ஒரு பயிர் நோயும் சிறு பொறியும் கூடிய இடத்தில் யந்திரமும் விளைச்சலும் சாம்பலாயின என்பது நாம் கருத்தில் கொள்ளத்தக்கது. 1977 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவின் லூசியானா மாகாணத்தில் ஒரு பெரிய தானியக் களஞ்சியம் தானியத் தூசியினால் வெடித்து 36 பேர் மாண்டனர். அங்கும் உராய்வு மின்சாரப் பொறியே காரணமாகக் கருதப்பட்டது.

மனித உடம்பின் சிறு பொறி தானியத் தூசியைப் பற்றவைப்பது அரிது. ஆனால் மண்ணோடு தொடர்பில்லாத பெரிய இரும்புத் தொட்டியில் சேரும் மின்சாரம் அதற்குப் போதும். பெல்ட்டு ஓடும் யந்திரங்களில் இது விசேஷமாய்ச் சேரும். பெல்ட்டினால் மின்சாரத்தை ஏற்றிச் சேர்க்கும் கருவி ஒன்றை 1929 இல் வான் டி கிராப் என்ற அமெரிக்க நிபுணர் அமைத்தார். அவ்வகைக் கருவிகளால் பின்னர்ப் பத்து லட்சம் வோல்ட்டுக்கு மேலும் உண்டாக்கினார்கள். ஆகவே அரிசி ஆலை, மாவு மில், பருத்தி அரைவை, கடலை உடைப்பு ஆகியவற்றை நடத்துவோர் யந்திரத்தின் சட்டத்தையும் தொட்டியையும் தூசிக் குழாயையும் எர்த் கம்பியோடு இணைக்க வேண்டும். உத்தரத்திலும் மூலைகளிலும் படியும் தூசியையும் பஞ்சையும் நாள்தோறும் கூட்டி அகற்ற வேண்டும். அவ்விடத்தில் பீடி, சுருட்டுப் புகைத்தலை அறவே தடுக்க வேண்டும்.

பம்புசெட்டில் தோன்றும் அதிர்ச்சி

இனி விட்டுப்போன பாதிப் பாடத்திற்கு வருகிறேன். மேற்கூறிய கிராமத்திற்கு அவ்வாண்டு முதல் மழை பெய்த பின் மறுபடியும் சென்றேன். அந்த நிலச்சுவான்தாரின் முகம் வாடியிருந்தது. விசாரித்ததில் விவரம் தெரியவந்தது. அவருடைய பம்புசெட்டு அறையில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடும்போதெல்லாம் விறுவிறுப்பு உண்டாவதாக வேலையாள் இருமுறை சொன்னாராம். "இலாகா ஐயா சொன்னாரே, அது நாற்காலியில் வருகிற கரண்டுதான், ஒன்றும் செய்யாது" என்று இவர் சமாதானம் கூறிவிட்டாராம். மழை பெய்து தரை நனைந்த மறுநாள் காலையில், மோட்டாரை ஒட்டிய தொட்டியில் நீர் குடிக்கச் சென்ற கறவைப் பசு இரும்புக் குழாயில் மூக்கு வைத்தவுடனே விழுந்து மாண்டது. ஒயர்மேன் வந்து பார்த்ததில், மோட்டாரின் சுற்றுக்கம்பியில் மேலுறை கெட்டு, மின்சாரம் இரும்புக் கூட்டில் இறங்கியிருந்ததும், எர்த் கம்பி குழிக்கு அருகில் துருப்பிடித்து அற்றிருந்ததும் புலனாயின. அன்று பசுவுக்கு முன்னால் வேலையாள் அக்குழாயைத் தொட்டிருந்தால், அவர் குடும்பத்துக்கு யார் என்ன சமாதானம் கூற இயலும்? நாற்காலி அதிர்ச்சியைப் பற்றி விளக்கிய நான், மோட்டார் அதிர்ச்சியைப் பற்றியும் அப்பொழுதே கூறியிருக்க வேண்டும்.

இருவகை அதிர்ச்சிகளின் வேறுபாடுகள் பின்வருமாறு.

உராய்வு மின்சாரம் ஒரே ஒரு முறை சுரீரெனத் தைத்து உடனே தீர்ந்துவிடும். கையை எடுக்காமல் இருந்தாலும் வேறொன்றும் தெரியாது. கசிவு மின்சாரமோ விறுவிறுவென்று இடைவிடாது தெரியும்; ஒவ்வொரு முறை தொடும்போதும் தெரியும்.

உராய்வு மின்சாரம் வறட்சியில் மிகும், ஈரத்தில் மறையும். கசிவு மின்சாரம் தரை ஈரமாகவும் கால் வெறுமையாகவும் இருக்கும்போது கடுமையாகும்.

உராய்வு மின்சாரம் மெயின் சுவிட்சு போட்டிருந்தாலும் நிறுத்தியிருந்தாலும் ஒன்றே. கசிவு மின்சாரம் மின் இணைப்பு உயிரோடிருக்கும்போது மட்டுமே தோன்றும்.

இவ்வேறுபாடுகளைக் கையால் தொட்டுப் பரீக்ஷிக்கலாகாது. ஏற்கெனவே நேர்ந்த அனுபவத்தை நினைத்துப் பார்த்துத் தீர்மானிப்பதற்கே இவை கூறப்பட்டன. உடம்பின் வழியாக 10 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை பாய்ந்தாலே கைத்தசைகள் இறுகிப் பிடியை விட முடியாமல் போகலாம். அதற்கு மேல் பாய்ந்தால் மூச்சும் இருதயமும் தடைப்படும். நேற்று விறுவிறுப்பாக மட்டும் தெரிந்தது, இன்று மழையில் உயிரைக் கொள்ளும். ஆதலால் மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி, பம்பு, குழாய், மின் கம்பத்தின் ஸ்டே கம்பி, கிரைண்டர், குளிர்ப்பெட்டி ஆகிய எதிலேனும் சிறு விறுவிறுப்புத் தெரிந்தாலும், அது கசிவு மின்சாரமே என்று கொள்ள வேண்டும். உடனே மெயினை நிறுத்தி, ஒயர்மேன் பார்த்துச் சரி செய்யும் வரையில் எவரையும் மாட்டையும் அருகே விடலாகாது. கம்பமும் ஸ்டே கம்பியும் நாம் கைவைக்கத் தக்கவையல்ல; மின்வாரியத்தாருக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

பம்புசெட்டுக்குப் பாதுகாப்பு

1. மூன்று பேஸ் மோட்டாரின் கூட்டுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் இருக்க வேண்டுமென்பது விதி. ஸ்டார்ட்டர் பெட்டியின் இரும்புக் கூட்டையும் எர்த் செய்ய வேண்டும்.

2. முற்காலத்தில் கிணற்றுக்குள் இறங்கிய இரும்புக் குழாய் ஓரளவு எர்த் போல் உதவியது. இப்பொழுது பிளாஸ்டிக் குழாய்களை இறக்குவதால் அவ்வுதவியும் இல்லை. குழாயை நம்பி எர்த் குழியை அலட்சியம் செய்யலாகாது.

3. எர்த் குழியில் வேனிற்காலத்தில் அவ்வப்போது நீர் ஊற்ற வேண்டும். உலர்ந்த மண் மின்சாரத்தை நன்கு வாங்குவதில்லை. கம்பி துருப்பிடித்திருக்கிறதா, திருகு தளர்ந்திருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன் ஒருமுறையேனும் தகுதியுள்ள ஒயர்மேனைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும்.

4. மின்சாரம் கசிந்தவுடன் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியை அமைத்துக்கொள்ள வேண்டும். மனித உயிரைக் காக்க 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளதே ஏற்றது. ஒரு கறவை மாட்டின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை மிக அற்பம்.

5. பம்புசெட்டு அறையில் வெறுங்காலோடும் ஈரக் கையோடும் சுவிட்சைத் தொடலாகாது. உலர்ந்த ரப்பர் செருப்பணிந்து, உலர்ந்த மரப் பலகையின்மீது நிற்க வேண்டும். உராய்வு மின்சாரத்துக்கு உடம்பிலிருந்து வடிகால் வேண்டும். கசிவு மின்சாரத்துக்கோ யந்திரத்திலிருந்து வடிகால் வேண்டும், உடம்பு வடிகாலாகக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் பதித்துக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

6. மாடுகளை மோட்டார் அறையின் தூணிலோ, ஸ்டே கம்பியிலோ கட்டலாகாது.

7. எவரேனும் மின்சாரத்தில் அகப்பட்டுக்கொண்டால் முதலில் மெயினை நிறுத்த வேண்டும். நிறுத்துவதற்கு முன் அவரைக் கையால் தொட்டால் தொட்டவரும் அகப்படுவார். மெயினை நிறுத்த வழியில்லையாயின் உலர்ந்த மரக்கட்டையால் விலக்க வேண்டும். அறுந்து விழுந்த உயர் அழுத்தக் கம்பியாயின் அதற்கும் முயலாமல் தூர விலகி நின்று மின்வாரியத்தாரை அழைக்க வேண்டும். விடுவித்த பின் மூச்சில்லையென்றால் 108 எண்ணுக்குத் தெரிவித்துவிட்டு, வண்டி வரும் வரையில் மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவியை விடாது செய்ய வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

கிராம உத்தியோகஸ்தர்கள் நிலங்களைப் பார்வையிடச் செல்லும்போது எர்த் கம்பி அற்ற மோட்டார்களையும், ஸ்டே கம்பியில் கட்டிய மாடுகளையும் கண்டால் உரியவருக்கு எடுத்துக் கூறலாம். பெட்ரோலைக் கடைகளில் பாட்டிலில் விற்பதைத் தடுக்க மேலதிகாரிகளுக்குத் தெரிவிக்கலாம். மழைக்காலம் தொடங்குமுன் கூடும் கிராம சபையில் பம்புசெட்டுப் பரிசோதனையைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினால், அது ஒரு குடும்பத்தைக் காக்கக்கூடும்.

முடிவுரை

உராய்வு மின்சாரம் முற்றிலும் பகையன்று. பறக்கும் தேனீயின் உடம்பில் சேரும் மின்சாரம் மகரந்தத்தைப் பூவிலிருந்து தன்பால் இழுக்க உதவுகிறது. மருந்துத் துளிகளுக்கு மின்சாரம் ஏற்றித் தெளித்தால் அவை இலையின் அடிப்புறத்திலும் சென்று ஒட்டுவதால், அத்தகைய தெளிப்பான்களும் பிற நாடுகளில் 1970-கள் முதல் ஆராய்ந்து செய்யப்பட்டன. அறிந்து கையாளுபவருக்கு அது ஊழியன்; அறியாதவருக்கு ஆபத்து.

நாற்காலியை விட்டு எழும்போது விரலில் சுரீரென்றால் அஞ்ச வேண்டாம். வடிகால் தேடிக் கொடுங்கள். பெட்ரோல் பாத்திரத்தைத் தரையில் இறக்கி வையுங்கள். மோட்டாரில் விறுவிறுப்புத் தெரிந்தால் அன்றே மெயினை நிறுத்துங்கள். இம்மூன்றையும் வீட்டுப் பெண்டிருக்கும் பிள்ளைகளுக்கும், முக்கியமாக நீர் பாய்ச்சும் வேலையாட்களுக்கும் சொல்லி வைக்கும்படி குடியானவர்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். பாதிப் பாடம் போதாது என்பதை நான் கண்டறிந்தேன். ஆதலால் முழுப் பாடத்தையும் இங்கே எழுதலானேன்.